தாம்பாளத்துப் பேனா

நம் வயதுக்காரர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றதும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர் ஆர்க்கிட் வளர்க்கிறார். ஒருவர் விடிந்ததும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். மூன்றாவது வீட்டு அம்மா பூப்படத்தோடு எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வந்திருக்கும். நான் பழைய மைப்பேனா சேர்க்க ஆரம்பித்தேன்.

ஏன் பேனா என்று கேட்பவர்களிடம், எனக்கே தெரியவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நன்றாகத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கமாட்டேன், அதனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முப்பது வருடம் ஈப்போவில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். நின்று பழகிய கால் உட்கார்ந்தால் ஆடும். வேலையை விட்ட முதல் மாதமே வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"எங்கயாச்சும் போய்ட்டு வா லா. நீ வீட்டுக்குள்ள நடக்கிற நடையில எனக்குத் தல சுத்துது."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். தரையில் கேன்வாஸ் விரித்து, உடைந்த கடிகாரம், பித்தளைக் குவளை, யாரோ வீட்டுக் கல்யாணப் படம் என்று பரப்பி வைத்திருப்பார்களே, அந்தச் சந்தை. ஒரு சீனக் கிழவரின் கடையில் சாவிக் குவியலுக்கு நடுவே ஒரு மைப்பேனா கிடந்தது. கரும்பச்சை உடம்பு, தங்க நிற மூடி. சட்டென்று குனிந்தேன்.

எடுத்துப் பார்த்தேன். அது இல்லை. நான் தேடுவதன் மூடியில் வளையம் கிடையாது, இதில் இருந்தது. கிழவர், இது எழுதாது, சும்மா பார்க்கத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று மலாய் மொழியில் சொன்னார். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது. ஞாயிறு தவறாமல் சந்தை. நடுவில் தைப்பிங், கம்பார், எங்கே பழைய சாமான் கடை இருந்தாலும் நான். வாங்கி வந்த பேனாவைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் போடுவேன். எவர் எவரோ எழுதிக் காய்ந்துபோன மை நீலமாகப் பிரிந்து கீழே இறங்கும். சிலவற்றின் உள்ளே மை பிடிக்கும் பை கல்லாக இறுகிப்போயிருக்கும். அந்தப் பை ரப்பர். எங்கள் அம்மா அப்பா விடியற்காலையில் ரப்பர் மரத்தில் வெட்டி இறக்கிய பால் எங்கெங்கோ போய் இதற்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை ஊசியால் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுத்து ஒரு தாளில் சேர்ப்பேன்.

இருபத்தாறு பேனா சேர்ந்துவிட்டது. வைக்க இடம் வேண்டுமே என்று வீட்டுக்காரரின் தூண்டில் பெட்டியைக் காலி செய்தேன். அதில்தான் அழகாக அறை அறையாகப் பிரித்திருக்கிறது.

"என் தூண்டில் முள்ளெல்லாம் எங்க?"

"மைலோ டின்ல."

"பேனாவுக்கு வீடு, என் முள்ளுக்கு டின்னா? நல்லா இருக்குலா நியாயம்."

இருபத்தாறில் ஒன்றுகூட நான் தேடுகிற பேனா இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். அக்காவுக்குப் பதினெட்டு. எங்கள் லயத்து வீடுகளில், உயர்நிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த முதல் பெண் அவள்தான். தாதியாக வேண்டும் என்று அவளுக்கு வெறி. ஆசை என்று சொல்லமாட்டேன், வெறிதான். அம்மாவின் கிழிந்த சேலையை நாடா நாடாவாகக் கிழித்து என் காலில் கட்டுப் போட்டுப் பழகுவாள். ஒரு நாள் முழங்காலிலிருந்து பாதம்வரை சுற்றிவிட்டுப் போய்விட்டாள். நான் தத்தித் தத்திப் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு நாள் ராணி மாதிரி இருந்தேன்.

தாதிப் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரம் நவராத்திரிக்கு நாலு நாள் முன்னால் பழுப்பு உறையில் வந்தது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "கெடச்சா படி. கெடைக்கலன்னா தைப்பூசம் கழிச்சுக் கல்யாணம். அவங்களுக்கு நான் வாக்குக் குடுத்தாச்சு." சித்தியவானில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அக்காவுக்கு அந்த ஒரு பாரம்தான் வழி.

அக்கா அன்றைக்கே எழுதிவிடத் துடித்தாள். அப்பா பாரத்தை வாங்கி, கடைசி நாள் என்றைக்கு என்று அவளையே படிக்கச் சொன்னார். சனிக்கிழமை, நடுப்பகலுக்குள். அப்பா நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அடி ஆத்தா! அன்னிக்குத்தான் விஜயதசமி. தேதியக்கூட அவளே குறிச்சிருக்கா பாத்தியா?"

"அதனால என்னப்பா? இன்னிக்கே எழுதிக் குடுத்துரலாம்."

"அவசரப்படாத. மொத எழுத்து அம்மன் முன்னால, அந்த நல்ல நாள்லதான். ஒன்பது நாள் அவ காலடியில இருக்கட்டும். அப்பறம் யாரு தடுக்க முடியும்?"

அப்பா பால்மரம் வெட்டுகிறவர். அதுவரைக்கும் எந்தத் தாளிலும் கைநாட்டுத்தான் வைத்திருக்கிறார். தகப்பன் கையெழுத்துக் கேட்ட மகளின் பாரத்தில் பெருவிரலை உருட்டமாட்டேன் என்று பிடிவாதம். டவுனுக்குப் போய்ப் புதுசாக ஒரு மைப்பேனா வாங்கி வந்தார், அக்காவே அதை வைத்துத்தான் படிக்கவும் வேண்டும் என்று. சீனத்துப் பேனா. கரும்பச்சை உடம்பு, தங்க நிற மூடி. முகர்ந்து பார்த்தால் புதுச் செருப்பு வாசம் வரும். எங்களை ஒரு கோடுகூடப் போட விடவில்லை. நவராத்திரி முதல் நாளே பாரத்தையும் பேனாவையும் தோட்டத்துக் கோயிலில் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டார். பிறகு தினமும் வேலை முடிந்து வந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். முதல் எழுத்து கூரையில் இருக்கும், கடைசி எழுத்து தரையில் இருக்கும். நான் பார்த்துச் சிரிப்பேன், அவரும் சிரிப்பார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் ஓர் இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போவாள், குடத்தை வைத்துவிட்டுக் கோயில் வரைக்கும் நடப்பாள், கம்பிக்கதவு வழியாகத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை பூசை. கோயிலில் ஒரு பக்கம் நம்முடைய சிலேட்டும் புத்தகமும், தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் பொட்டு வைத்த டைப்ரைட்டரும். இன்னொரு பக்கம் பால் வெட்டும் கத்திகள், தீட்டித் துடைத்துச் சிவப்பு நூலால் கட்டிக் கத்தை கத்தையாக. வெளியே வாழைக்கன்று கட்டிய பால் லோரி. கழுவிய வாளிகளின் புளித்த வாடையும் சந்தனமும் அவித்த கச்சான் கடலையும் கலந்து ஒரு வாசம். நம் ஜனங்களுக்கு மட்டும் தெரிந்த வாசம் அது. அன்றைக்கு எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. மறுநாள் பூசாரி வந்து கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்த பிறகுதான் எதையும் தொடலாம்.

ஆனால் சாயங்காலம் ஒன்று நடந்தது. மறுநாள் சனிக்கிழமை பால்வெட்டு உண்டு, தோட்டத்துத் துரை லீவு கொடுக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கையில் கத்தி இருக்க வேண்டும். அதனால் கோயில் தலைவரே கற்பூரம் கொளுத்தி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, கத்திகளை மட்டும் எடுத்து ஆளாளுக்குக் கொடுத்துவிட்டார். வருடா வருடம் அப்படித்தான். யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

அக்காவுக்குத் தெரிந்தது. நேராக அப்பாவிடம் போனாள்.

"கத்திய எடுக்கலாம், பேனாவ எடுக்கக்கூடாதாப்பா?"

"கத்தி வயித்துப்பாடு, அது வேற. நாளைக்கு எனக்கு வெட்டு இல்லன்னு மண்டோர்கிட்ட சொல்லிட்டேன். மோட்டார் சைக்கிளும் கேட்டு வச்சாச்சு. பூசாரி ஏழு மணிக்கெல்லாம் வந்துருவாரு. எட்டு மணிக்குக் கிளம்புனா ஒன்பதரைக்கு ஈப்போ. எதுக்கு இப்படிப் பறக்கிற?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் ஒரு பதில் கத்திக்கொண்டே இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு விட்டுக்கொடுத்த அம்மன், ஒரு பெண்ணின் படிப்புக்கு விட்டுக்கொடுக்கமாட்டாளா? அவள் கொடுத்திருப்பாள். நாம்தான் கேட்கவில்லை. அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? பத்து வயசு.

எல்லாரும் கோயில் பந்தலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் குனிந்தாள்.

"இங்க பாரு. எல்லாரும் இந்தப் பக்கம் இருக்காங்க. நீ போயி பாரத்தையும் பேனாவையும் எடுத்துப் பாவாடைக்குள்ள வச்சுக் கொண்டா. நான் எழுதி, அப்பா கையெழுத்தையும் நானே போட்டுர்றேன். காலையில மொத பஸ்ல போயிருவேன்."

"சாமி கண்ணக் குத்திராதாக்கா?"

"குத்துனா என் கண்ணக் குத்தட்டும். போடி."

போனேன். கம்பிக்கதவில் பூட்டு இல்லை, கொண்டி மட்டும்தான். தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே சிமெண்டுத் தரை காலில் ஜில்லென்று இருந்தது. ஆள் இல்லை. தாம்பாளத்தில் மடித்து வைத்த பாரம், அதன் மேல் மஞ்சள் அரிசி, அதற்கு மேல் பேனா. பக்கத்திலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேனாவின் மூடியில் விரல் வைத்தேன். சுட்டது.

விளக்குச் சூட்டில் உலோகம் சுடும். இப்போது தெரிகிறது. அப்போது அம்மனுக்குக் கோபம் என்று நினைத்தேன். வெளியே வந்து கொண்டியைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பந்தலுக்கு நடந்து வந்தேன்.

"பூட்டியிருக்குக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எங்கோ போனாள். வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் பூசாரி வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. அவர் ஒருவர்தான் மூன்று தோட்டத்துக்கும். ஒன்பது மணிக்கு அப்பா வெள்ளைச் சட்டையோடு சாலை வளைவு வரைக்கும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா கோயில் வாசலிலேயே நின்றாள், கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு. பத்தே முக்காலுக்குப் பூசாரியின் சைக்கிள் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்து ஆரம்பித்து வைக்க நேரமாகிவிட்டதாம். கூட்டம் அதிகமாம். அப்பா ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "பரவால்லங்கய்யா, வாங்க" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்து ஓட்டமாக எழுதி முடித்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிடம் ஆனது. எழுத்துகள் வரிசையாக நின்றன, ஒரு பொட்டு மை சிந்தவில்லை. எழுதி முடித்து எங்களை நிமிர்ந்து பார்த்தார் பாருங்கள், அந்த முகம். அக்கா பாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மோட்டாரில் அப்பாவுக்குப் பின்னால் ஏறினாள்.

நடுப்பகல் தாண்டி ஈப்போ சேர்ந்தபோது அலுவலகக் கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை அரை நாள். வாசலில் இருந்த காவல்கார ஜாகா திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனார்கள். தேதி போய்விட்டது என்று பாரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தேதி போய்த்தான் விட்டது.

தைப்பூசம் கழித்து அக்காவுக்குச் சித்தியவானில் கல்யாணம்.

அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள், அப்பா மூன்றடி தூரத்தில் இருப்பார். கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பஸ் மாறி மாறிச் சித்தியவானுக்குப் போவார், பலாக்காயோ மரவள்ளியோ ஏதாவது தூக்கிக்கொண்டு. அக்கா காப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவார். "எம்புள்ளைய நான்தான் கெடுத்தேன்" என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். நானும் அந்தப் பஸ்ஸில் பல தடவை கூடப் போயிருக்கிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இருபது வருடம். பிறகு ஒரு நாள் மார்பு வலி என்று படுத்தார், முடிந்துவிட்டது. அந்தப் பேனா என்னவானது என்று தெரியாது. லயத்தை இடித்து எல்லாரையும் கிளப்பியபோது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.

போன மாதம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தூண்டில் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, சித்தியவானுக்குப் போகலாம் என்றேன். வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சீட்பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வந்தேன்.

அக்காவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரரை மகனோடு பேச விட்டுவிட்டு, பின்கட்டு மேசையில் பெட்டியைத் திறந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்குடி இவ்வளவு? நீ என்ன பரீட்சைக்கா படிக்கிற?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்குக் கோயில் பூட்டல. நான் உள்ள போனேன். தொட்டேன். சுட்டுச்சு, பயந்து ஓடி வந்துட்டேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயசில், மூக்கெல்லாம் ஒழுக. அக்கா கையில் இருந்த பேனாவை அதன் அறையில் வைத்தாள். சரியாக உட்காரவில்லை, எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"தெரியும்லா."

"என்ன தெரியும்?"

"பூட்டலன்னு. நீ வந்து சொன்ன ஒடனே நான் போனேன்ல? கொண்டிதான் போட்டிருந்துச்சு. உள்ள போனேன். பாரத்தக் கையில எடுத்துட்டேன். அரிசியெல்லாம் கீழ கொட்டிருச்சு. அப்பறம் மண்டி போட்டு உக்காந்து, ஒவ்வொரு அரிசியா பொறுக்கி, மறுபடி அது மேலயே வச்சுட்டு வந்துட்டேன். என்னாலயும் முடியலடி."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக என்னை அரித்துத் தின்ற ஒன்றை, இவள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாளே என்று. எழுந்து அடுப்பு வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன்.

"அப்ப அப்பாகிட்ட ஏன்க்கா சொல்லல? அந்த மனுசன் பஸ் பஸ்ஸா ஏறி வந்தாரே. எம்புள்ளைய நான்தான் கெடுத்தேன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீ சொன்னியா?" என்றாள்.